'மூன்றாம் பிறை' ஹெட்மாஸ்டர்தான் சுதந்திரச் செய்தியை வாசித்தவரா? பூர்ணம் விஸ்வநாதன் என்ற குரலின் கதை

'மூன்றாம் பிறை' பார்த்திருப்பீங்க. ஊட்டி பக்கத்துல கேத்தி, மலை ரயில், பனி, கமல், ஸ்ரீதேவி எல்லாம் ஞாபகம் இருக்கும். அதுல ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் வருவார். வயசான, சாதுவான மனுஷர். அந்த முகம் தெரியும், ஆனா பேர் பலருக்கு டக்குனு வராது.

அவர்தான் பூர்ணம் விஸ்வநாதன்.

'வருஷம் 16' தாத்தா, 'மகாநதி' படத்தில் ஜெயிலில் கமலோடு இருக்கும் பெரியவர், 'ஆசை' படத்தில் நாயகியின் அப்பா என்று சொன்னால் இன்னும் சுலபமாகப் பிடிபடும். ஆனால் சினிமாவுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே இவர் குரல் கடல் தாண்டிப் போய்விட்டது. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா விடுதலை அடைந்த செய்தியை அகில இந்திய வானொலியில் தமிழில் வாசித்தவர் இவர். அப்போது வயது 25.

செய்தி வாசிப்பாளர், மேடை நடிகர், நாடகக் குழு நடத்தியவர், கடைசியில் சினிமா குணச்சித்திர நடிகர். இத்தனைக்கும் மூலதனம் ஒரே ஒரு குரல். அந்தக் குரல் எப்படி ஒரு வாழ்க்கைத் தொழில் ஆனது? அதே மாதிரி ஒரு தொழில் இன்னைக்கும் சாத்தியமா? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக...

* பிறப்பு: 1921 நவம்பர் 15
* தொடக்கம்: 18 வயதில் மேடை
* வானொலி: டெல்லியில் அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பணி
* நாடகக் குழு: பூர்ணம் நியூ தியேட்டர்
* அதிகம் பேசப்பட்டவை: எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்கள்
* மறைவு: 2008 அக்டோபர் 1, வயது 86

'பூர்ணம்' குடும்பம்

பூர்ணம் என்பது இவருக்கு மட்டும் உள்ள பெயர் இல்லை, ஒரு எழுத்துக் குடும்பத்தின் அடையாளம். அண்ணன் பூர்ணம் ராமச்சந்திரன். இந்தப் பேரைச் சொன்னால் தெரியாது. 'உமாசந்திரன்' என்றால் தெரியும். கல்கி வெள்ளி விழா நாவல் போட்டியில் பரிசு வென்ற 'முள்ளும் மலரும்' கதையை எழுதியவர். அதைத்தான் 1978-ல் மகேந்திரன், ரஜினியை வைத்துப் படமாக எடுத்தார். உமாசந்திரனும் வானொலியில் வேலை பார்த்தவர்தான்.

இன்னொரு சகோதரர் பூர்ணம் சோமசுந்தரம். மாஸ்கோவில் இருந்து ரஷ்ய இலக்கியங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். குறைந்த விலையில் வந்த அந்தக் காலத்து சோவியத் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு இவர் பேர் பழக்கம்.

ஆக, ஒருவர் எழுதினார், ஒருவர் மொழிபெயர்த்தார், ஒருவர் பேசினார். மூவருக்கும் தொழில் தமிழ்தான்.

1947 ஆகஸ்ட் 15: என்ன நடந்தது?

ஆகஸ்ட் 14 நள்ளிரவு. டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் நேரு பேசுகிறார். மணி 12 அடித்ததும் நாடு விடுதலை பெறுகிறது. இது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கு.

பாடத்தில் இல்லாத விஷயம், அந்தச் செய்தி எப்படி வெளியே போனது என்பது. அன்றைக்கு டி.வி. கிடையாது. பேப்பர் காலையில்தான் வரும். உடனடிச் செய்தி என்றால் வானொலி மட்டும்தான்.

பூர்ணம் விஸ்வநாதன் அப்போது டெல்லியில், தென்கிழக்கு ஆசியாவுக்கான தமிழ் ஒலிபரப்பில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். தென்கிழக்கு ஆசியாவுக்கு எதற்குத் தமிழ்ச் செய்தி என்று கேட்கலாம். மலேயா ரப்பர் தோட்டங்களிலும், சிங்கப்பூரிலும், பர்மாவிலும் லட்சக்கணக்கான தமிழர்கள் இருந்தார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் பலர் அந்த மண்ணில் இருந்த தமிழர்கள். ஊரைவிட்டுப் போய் பல வருஷம் ஆன அவர்களுக்கு, சொந்த நாடு விடுதலை ஆகிவிட்டது என்பதைச் சொந்த மொழியில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை இந்த 25 வயசுப் பையன் கைக்கு வந்தது.

செய்தி வாசிப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசிப்பவர் அழக்கூடாது, துள்ளக்கூடாது. எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தாலும் குரல் நிதானமாக இருக்கணும். உள்ளே பொங்குகிற உணர்ச்சி வெளியே தெரியாமல், அதே நேரத்தில் கேட்பவருக்கு அது போய்ச் சேரணும். யோசித்துப் பார்த்தால், நல்ல நடிப்புக்கும் இதேதானே இலக்கணம்?

வானொலி நாடகம்: கண்ணை மூடினால்தான் தெரியும் மேடை

இன்றைய தலைமுறைக்கு வானொலி நாடகம் என்றால் என்ன என்பதையே விளக்க வேண்டியிருக்கு. பாட்காஸ்ட்டில் கதை கேட்பது மாதிரி என்று சொல்லலாம். ஆனால் இது கதை வாசிப்பு இல்லை. முழு நாடகம். நடிகர்கள் பேசுவார்கள், கதவு திறக்கும், மழை பெய்யும், வண்டி போகும். மேடை மட்டும் இருக்காது. அதை நாம்தான் மனசுக்குள் கட்டிக்கணும்.

உலகில் வானொலிக்கென்றே எழுதப்பட்ட ஆரம்பகால நாடகங்களில் ஒன்று, 1924 ஜனவரியில் பி.பி.சி. ஒலிபரப்பிய 'டேஞ்சர்'. ரிச்சர்டு ஹியூஸ் எழுதியது. கதை ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடக்கும். திடீரென்று விளக்கு அணைந்துவிடும். பாத்திரங்களுக்கும் எதுவும் தெரியாது, கேட்பவருக்கும் எதுவும் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே இருட்டில். புது ஊடகத்தின் குறையையே பலமாக மாற்றிய யோசனை அது.

தமிழ்நாட்டில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. நம்ம கோவை நிலையம் 1966-ல் தொடங்கியது. அதுவரை கொங்கு வீடுகளில் திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும்தான் பெரும்பாலும் கேட்டன. ரேடியோ வைத்திருக்க அன்றைக்கு லைசென்ஸ் வேண்டும். போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டணும். அதனால் தெருவில் ரெண்டு மூணு வீட்டில்தான் பெட்டி இருக்கும். நாடகம் வரும் நேரத்தில் அக்கம்பக்கம் எல்லாம் அந்தத் திண்ணைக்கு வந்துவிடும். கணபதி, சரவணம்பட்டி பக்கம் இன்னைக்கு ஐ.டி. ஆபீஸ் வேன்கள் ஓடுற ரோட்டோரத்தில் பழைய வீடு ஏதாவது இருந்தால், அந்த வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு நாடகத்தின் பேராவது ஞாபகத்தில் இருக்கும்.

ஸ்டுடியோவுக்குள் எப்படி நடக்கும்?

வானொலி நடிகரின் வேலை சுலபம் என்று நினைப்போம். மேக்கப் வேண்டாம், வசனம் மனப்பாடம் வேண்டாம், தாளைப் பார்த்துப் படித்தால் போதும். உண்மை அப்படி இல்லை.

முதல் சிக்கல் அந்தத் தாளே. பக்கம் திருப்பும்போது சரசரப்புச் சத்தம் கேட்டால் போச்சு. காட்டில் நடக்கும் காட்சியில் காகிதச் சத்தம் கேட்டால் காடே காணாமல் போய்விடும். அதனால் தாள்களைப் பின் அடிக்காமல் தனித்தனியாக வைத்திருப்பார்கள். படித்து முடித்த பக்கத்தை சத்தமில்லாமல் நழுவ விடணும்.

இரண்டாவது, மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம். ரகசியம் பேச மைக்கை ஒட்டி நிற்கணும். கத்த வேண்டும் என்றால் ரெண்டடி பின்னால் போகணும். வெளியே இருந்து வீட்டுக்குள் வருகிற காட்சி என்றால், பேசிக்கொண்டே மைக்கை நோக்கி நடந்து வரணும். கேமரா செய்கிற வேலையை நடிகரின் கால் செய்யும்.

மூன்றாவது, உடம்பு. வானொலியில் யாரும் பார்க்கவில்லை என்பதால் சும்மா நின்று பேசினால் குரல் செத்துவிடும். சுமை தூக்குகிற பாத்திரம் என்றால் உடம்பு குனியணும், மூச்சு இறுகணும். சிரிப்பு என்றால் முகமும் சிரிக்கணும். முகம் சிரிக்காமல் வரும் சிரிப்புச் சத்தத்தைக் காது கண்டுபிடித்துவிடும்.

டேப் பதிவு பரவலாக வரும் முன் நாடகங்கள் நேரடியாக ஒலிபரப்பாகின. தப்பு பண்ணினால் திருத்த வழியில்லை. சக நடிகர் ஒரு வரியை விட்டுவிட்டால், அடுத்தவர் அதைச் சமாளித்துக் கதையை இழுத்துக்கொண்டு போகணும்.

அகில இந்திய வானொலி நாடக நடிகர்களுக்குக் குரல் தேர்வு வைத்து, தரம் பிரித்து, அதற்கேற்ப சன்மானம் கொடுக்கும் முறையை வைத்தது. 1950-களில் தொடங்கிய அகில பாரத நாடகத் திட்டத்தில், ஒரு மொழி நாடகம் பல இந்திய மொழிகளுக்கு மாற்றப்பட்டு நாடு முழுக்க ஒலிபரப்பானது. ஒரு வங்காள நாடகத்தைக் கொங்கு கிராமத்தில் தமிழில் கேட்க முடிந்தது.

டெல்லியில் இருந்து சபா மேடைக்கு

பூர்ணம் டெல்லியில் இருந்தபோதே மேடையை விடவில்லை. அரசு வேலைக்காகப் போன தமிழர்கள் அங்கே நாடகம் போடுவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். பகலில் ஃபைல், மாலையில் ஒத்திகை. பிறகு பூர்ணம் சென்னைக்கு வந்து, மத்திய அரசு வெளியிடும் 'திட்டம்' இதழில் பணியாற்றினார். மாலை நேரம் சபாக்களுக்குப் போனது.

இங்கே 'சபா நாடகம்' என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது அவசியம். 1950-களுக்கு முன்பு தமிழ் நாடகம் என்றால் ஊர் ஊராகப் போகும் தொழில்முறை கம்பெனிகள்தான். சங்கரதாஸ் சுவாமிகள், நவாப் ராஜமாணிக்கம், டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெரிய வரிசை. அதில் கொங்கு மண்ணுக்கும் பங்கு உண்டு. டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கலைக்கென்று மாநாடு கூட்டியது ஈரோட்டில்தான், 1944-ல். சினிமா வந்து அந்தக் கம்பெனிகளை விழுங்கியது. கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ மாதிரி இடங்களுக்கு நாடக நடிகர்களும் வசனகர்த்தாக்களும் வந்து சேர்ந்தார்கள். இங்கே 1947-ல் 'ராஜகுமாரி' எடுத்த இயக்குநர் ஏ.எஸ்.ஏ.சாமியே வானொலி நாடகம் எழுதியவர். அவருடைய 'பில்ஹணன்' வானொலியில் வந்து, டி.கே.எஸ். மேடைக்குப் போய், 1948-ல் படமும் ஆனது.

கம்பெனிகள் போன இடத்தில் வந்ததுதான் சபா நாடகம். நடிகர்களுக்கு பேங்க், ஏ.ஜி.எஸ். ஆபீஸ், ரயில்வே, இன்சூரன்ஸ் என்று வேற வேலை இருக்கும். சம்பளம் அங்கே, சந்தோஷம் இங்கே. செட் பெரிதாக இருக்காது: ஒரு சோபா, ஒரு டெலிபோன், ரெண்டு கதவு. முழுக்க முழுக்க வசனம்தான் நாடகத்தைத் தூக்கி நிறுத்தும். மேலே தொங்கும் மைக்குகளுக்குக் கீழே வந்து நின்று பேசணும். கடைசி வரிசைக்கு முகபாவம் தெரியாது, குரல் மட்டும்தான் போகும்.

அதாவது, பாதி வானொலி நாடகம்.

பூர்ணம் மாதிரி வானொலியில் பழகிய ஒருவருக்கு இந்த மேடை ஏன் அவ்வளவு பொருந்தியது என்பதற்கு இதுதான் காரணம். எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே நிறுத்தம், சிரிப்பு அடங்க எத்தனை நொடி காத்திருக்கணும் என்பது அவருக்குக் கைவந்த கலை. மெரீனா எழுதிய குடும்ப நாடகங்களில் நடித்துப் பேர் வாங்கினார்.

சுஜாதா - பூர்ணம்: ஒரு கூட்டணி

எழுத்தாளர் சுஜாதாவைக் கதை, நாவல், சினிமா வசனம் என்றுதான் பலருக்குத் தெரியும். அவர் நாடகங்களும் எழுதியிருக்கிறார். அவற்றை மேடைக்குக் கொண்டுபோனதில் பெரும்பங்கு பூர்ணம் விஸ்வநாதனுடையது. 'கடவுள் வந்திருந்தார்', 'அடிமைகள்', 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு', 'ஊஞ்சல்', 'சிங்கமய்யங்கார் பேரன்', 'அன்புள்ள அப்பா' என்று அந்தப் பட்டியல் நீளும்.

'கடவுள் வந்திருந்தார்' ஒரு நல்ல உதாரணம். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர். அவர் வீட்டுக்கு எதிர்காலத்தில் இருந்து ஒருவன் வருகிறான். அவன் இவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வீட்டில் மற்றவர்களுக்கு, இவர் காற்றோடு பேசுகிற மாதிரி இருக்கும். பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சயின்ஸ் ஃபிக்‌ஷன் மாதிரி தொடங்கி, ரிட்டயர் ஆன மனிதர் சொல்வதை வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை என்ற இடத்துக்கு வந்து நிற்கும் நாடகம். சிரிச்சுட்டு வீட்டுக்குப் போனவர், தன் அப்பாவை ஒரு நிமிஷம் யோசிக்காமல் இருந்திருக்க முடியாது.

இந்த நாடகங்களில் திரும்பத் திரும்ப வரும் மனிதர் ஒருவர்தான். மரியாதை உள்ள, கொஞ்சம் பிடிவாதமான, காலம் தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்று மெல்லப் புரிந்துகொள்கிற நடுத்தர வர்க்கத்து அப்பா. பூர்ணம் அந்த அப்பாவுக்கு ஒரு குரல் கொடுத்தார். சினிமா பிறகு அதே அப்பாவைத்தான் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டது.

சுஜாதா 2008 பிப்ரவரி 27-ல் மறைந்தார். பூர்ணம் அதே ஆண்டு அக்டோபர் 1-ல். எழுதியவரும் பேசியவரும் எட்டு மாத இடைவெளிக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

அறுபதை நெருங்கும்போது வந்த சினிமா

1980-ல் 'வறுமையின் நிறம் சிவப்பு'. கமலின் அப்பாவாக, கண்டிப்பான சங்கீதக்காரராக பூர்ணம் நடித்தபோது அவருக்கு வயது 59-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் பென்ஷன் வாங்கப் போகும் வயதில் இவருக்குச் சினிமா வாழ்க்கை சூடு பிடித்தது. அடுத்து 'தில்லு முல்லு' (1981), 'மூன்றாம் பிறை' (1982), 'வருஷம் 16' (1989), 'மகாநதி' (1994), 'ஆசை' (1995)...

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 1990-ல் வந்த 'கேளடி கண்மணி'யில் ராதிகாவின் அப்பாவாக நடித்தார். அந்தப் பாத்திரம் வாய் பேச முடியாதவர், காது கேளாதவர். வாழ்நாள் முழுக்கக் குரலை வைத்துப் பிழைத்த மனிதர், குரலே இல்லாத வேஷத்தில். குரல் நடிகர்கள் குரலை மட்டும் நம்பியவர்கள் இல்லை என்பதற்கு வேற சாட்சி வேண்டுமா?

நம்ம ஊர் உதாரணம்: தாராபுரத்துக் குரல்

கொங்கு மண்ணில் பிறந்து மேடை வழியாக வந்தவர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நாகேஷ். தாராபுரத்துக்காரர். ரயில்வேயில் கிளார்க். அங்கே ஊழியர்கள் போட்ட நாடகத்தில் வயிற்று வலிக்காரராக ஒரு சின்ன வேஷம். அதைப் பார்த்து எம்.ஜி.ஆர். பாராட்டியது பலமுறை சொல்லப்பட்ட கதை. கே.பாலசந்தரின் 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' எல்லாம் மேடையில் இருந்து சினிமாவுக்கு வந்தவைதான்.

ஆனால் நாகேஷைப் பலர் பார்த்ததைவிட அதிகம் கேட்டிருக்கிறார்கள். எப்படி? 'ஒலிச்சித்திரம்'. படத்தின் வசனத்தையும் பாட்டையும் மட்டும் எடுத்து வானொலியில் போடுவது. 'திருவிளையாடல்' வசனம் கொங்கு கிராமங்களில் நோம்பி, திருவிழா, கல்யாணம் எல்லாவற்றிலும் குழாய் ஸ்பீக்கரில் அலறியது. தருமி புலம்புவதை மனப்பாடமாகச் சொல்லும் பல பேர், படத்தைத் தியேட்டரில் பார்க்காதவர்கள். அவர்களுக்கு அது ஒரு வானொலி நாடகம்தான்.

இலங்கையில் இந்தப் பாரம்பரியம் இன்னும் ஆழம். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடர் நாடகத்தை அங்குள்ள தமிழர்கள் இன்றும் மறக்கவில்லை. அதில் நடித்த கே.எஸ்.பாலச்சந்திரன், பஸ் கண்டக்டரை வைத்து 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பால் வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆனார். போர் அவரைக் கனடாவுக்கு அனுப்பியது. 2014-ல் அங்கேயே மறைந்தார்.

ஜெர்மனியில் மட்டும் எப்படி இது தொழிலாக நிற்கிறது?

வானொலி நாடகம் உலகம் முழுக்கச் செத்துவிட்டதா என்றால், இல்லை. ஜெர்மனியைப் பாருங்க. அங்கே வானொலி நாடகத்துக்கு 'ஹோர்ஷ்பீல்' என்று பேர். 1924-ல் ஃபிராங்க்ஃபர்ட் நிலையத்தில் தொடங்கியது. இன்றும் புது நாடகங்கள் வந்துகொண்டே இருக்கு. மேடை - வானொலி நடிகர் என்பது அங்கே ஒரு முழுநேர வாழ்க்கை. காரணங்கள் மூன்று.

1. மேடையில் மாதச் சம்பளம். அரசுப் பணத்தில் நடக்கும் நாடக அரங்குகள் சுமார் 140 இருக்கு. நடிகர்களை ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைத்திருப்பார்கள்.

2. வானொலிக்கு நிலையான வருமானம். ஒவ்வொரு வீடும் பொது ஒலிபரப்புக்காக மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும் என்று 2021-ல் நிர்ணயித்தார்கள். நம்ம போஸ்ட் ஆபீஸ் லைசென்ஸ் மாதிரிதான். நாம் அதை 1980-களில் ரத்து செய்தோம், அவர்கள் வேறு வடிவில் வைத்துக்கொண்டார்கள். நாடகம் தயாரிக்க அந்தப் பணம் உதவுகிறது.

3. மரியாதை. போரில் கண் இழந்தவர்கள் சேர்ந்து, சிறந்த வானொலி நாடகத்துக்கு ஒரு பரிசை 1950-களின் தொடக்கத்தில் ஏற்படுத்தினார்கள். காதால் மட்டுமே உலகத்தைப் பார்த்தவர்கள் தேர்ந்தெடுத்த நாடகம் என்றால் அதன் மதிப்பு எப்படி இருக்கும் என்று யோசியுங்க.

இன்னொரு கதையும் உண்டு. 'மூன்று கேள்விக்குறிகள்' என்று பொருள்படும் பேரில் ஒரு சிறுவர் துப்பறியும் ஒலி நாடகத் தொடர் அங்கே 1979-ல் கேசட்டில் வந்தது. மூன்று சிறுவர்கள் குரல் கொடுத்தார்கள். அதே மூவர், பெரியவர்கள் ஆன பிறகும் அதே பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார்கள். 200 பாகங்களைத் தாண்டியது தொடர். 2014-ல் பெர்லின் திறந்தவெளி அரங்கில் அவர்கள் மேடையில் நின்று வசனம் படிப்பதைக் கேட்க சுமார் 20,000 பேர் கூடினார்கள். குரலுக்கு வந்த கூட்டம்!

இங்கே என்ன ஆச்சு?

டி.வி. வந்தது முதல் அடி. மாலை நேரம் சீரியலுக்குப் போனது. எஃப்.எம். வந்தது அடுத்த அடி. பாட்டும் பேச்சும் போதும் என்றாகிவிட்டது. நாடகம் போட எழுத்தாளர், நடிகர்கள், ஒத்திகை, ஒலி சேர்ப்பு என்று ஆளும் நேரமும் வேண்டும். விளம்பரத்தை நம்பும் நிலையத்துக்கு அது கட்டுப்படியாகாது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கு. சினிமா நடிகரின் வேலை ஃபிலிமில் நிற்கும். 'மூன்றாம் பிறை'யை இன்றைக்கும் மொபைலில் பார்க்கலாம். மேடை நடிகரின் வேலை திரை விழுந்ததும் முடிந்துவிடும். நேரடி ஒலிபரப்பு காற்றோடு போய்விடும். பூர்ணம் விஸ்வநாதன் இருபது நிமிஷம் வந்த சினிமாக் காட்சிகள் நமக்குக் கிடைக்கின்றன. அவர் பல நூறு மாலைகள் நின்று பேசிய மேடைகள் பார்த்தவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கின்றன. அவர்களுக்கும் வயசாகிவிட்டது.

முழுக்க இருட்டு என்றும் சொல்ல முடியாது. பூர்ணத்திடம் பயிற்சி எடுத்த சீடர்கள் 'குருகுலம்' என்ற பேரில் குழு அமைத்து, சுஜாதா நாடகங்களை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நாடகப் பிரதிகள் புத்தகமாகக் கிடைக்கின்றன.

குரல் இருக்கு, நடிக்க ஆசை இருக்கு. என்ன செய்யலாம்?

* அகில இந்திய வானொலி நிலையங்கள் நாடக நடிகர்களுக்குக் குரல் தேர்வு அறிவிப்பு வெளியிடும்போது விண்ணப்பிக்கலாம். இப்போது 'ஆகாசவாணி' என்ற பேரில் இயங்குகிறது. கோவை நிலையத்தின் அறிவிப்புகளைக் கவனிச்சுட்டே இருங்க.
* ஆகாசவாணி நிலையங்களை மொபைல் ஆப்பிலேயே நேரடியாகக் கேட்கலாம். முதலில் கேட்டுப் பழகுங்க. கேட்கத் தெரியாதவர்களுக்குக் குரல் நடிப்பு வராது.
* ஆடியோ புத்தகம், பாட்காஸ்ட், டப்பிங் ஆகியவை இன்றைய வாசல்கள். கருவி மாறியிருக்கு. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரக் கணக்கு மாறவில்லை.
* தினமும் பத்து நிமிஷம் செய்தித்தாளைச் சத்தமாக வாசியுங்க. 'ல', 'ள', 'ழ' தனித்தனியாகக் கேட்குதா என்று பதிவு செய்து பாருங்க.

உங்க வீட்டிலும் ஒரு குரல் இருக்கலாம்

பழைய டேப் ரெக்கார்டர் காலத்தில் பல வீடுகளில் வானொலி நாடகங்களையும் சபா நாடகங்களையும் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். பரணில் ஒரு ஷூ டப்பாவுக்குள் அவை இன்னும் இருக்கலாம். காந்த நாடா காலப்போக்கில் பூஞ்சை பிடிக்கும், ஒலி மங்கும். இருந்தால் டிஜிட்டலாக மாற்றி வையுங்க. மாற்றித் தரும் கடைகள் கோவை மாதிரி ஊர்களில் கிடைக்கும்.

அப்படியே வீட்டில் எழுபது, எண்பது வயசில் யாராவது இருந்தால், அவங்க கேட்ட நாடகங்களைப் பற்றிப் பேசச் சொல்லி மொபைலில் பதிவு பண்ணிக்குங்க. ஓய்வு பெற்ற மனுஷர் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை என்று பூர்ணம் மேடையில் நின்று சொன்னதற்கு, நாம் செய்யக்கூடிய பதில் அது ஒன்றுதான்.